கருத்து சொல்ல நீங்கள் யார்?

2020 ஜூலையில் இந்தியாவின் இறையாண்மைக்கு ஆபத்து வந்தது. லடாக்கில் அல்ல. கல்வானில் இருபது வீரர்கள் மாண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லைதான். ஆனாலும் ஆபத்து அங்கே இல்லை. அது டெல்லியில், ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் இருந்தது. ஏறக்குறைய ஒரே தலைப்பில் கடிதம் கடிதமாக வந்து விழுகிறது என்று புகார் போனது. டெல்லி காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு பாய்ந்து வந்தது. கடிதம் எழுத ஊக்கம் கொடுத்த இளைஞர்களின் இணையதளத்தை முடக்கச் சொல்லி, அதற்குப் பெயர் பதிவுசெய்து கொடுத்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்தச் சட்டத்தில்? சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில். பிரிவு 18. பயங்கரவாதச் சதிக்கான பிரிவு. குறைந்தது ஐந்தாண்டுச் சிறை, கூடினால் ஆயுள்.

அந்த இளைஞர்கள் செய்த சதி என்ன? அரசு ஒரு வரைவை வெளியிட்டு, இதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தது. அதை நம்பிவிட்டார்கள். சதி அவ்வளவுதான்.

விஷயம் வெளியே வந்து நாடே சிரித்ததும் காவல்துறை விளக்கம் கொடுத்தது: அந்தப் பிரிவு தவறுதலாகச் சேர்ந்துவிட்டதாம். நம் ஊர்க் காவல் நிலையத்தில் செல்போன் தொலைந்தது என்று புகார் கொடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்குள் நாக்கு எப்படி வறண்டுபோகும் என்று. அந்த ரசீது யாருக்கும் தவறுதலாகக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பயங்கரவாதப் பிரிவு மட்டும் கை தவறி விழுகிறது. பிறகு அதை எடுத்துவிட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவைப் போட்டார்கள். பிறகு அதையும் திரும்பப் பெற்றார்கள். இதற்கிடையே கருத்துக் கேட்பின் நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. ஆக, எதுவும் வீணாகவில்லை.

கருத்துக் கேட்கப்பட்ட அந்த வரைவின் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2020. ஒரு சுரங்கமோ அனல்மின் நிலையமோ துறைமுகமோ வருவதற்கு முன்னால் ஊரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லும் விதிகள். அமைச்சகம் இதைத் தன் தளத்தில் ஏற்றிய நாள் மார்ச் 23. நாடு முழுக்க ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தது மார்ச் 24. அரசிதழில் வந்தது ஏப்ரல் 11. தபால் நிலையத்துக்கு நடந்து போகவே போலீஸிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்த நாட்களில், மக்களே, அறுபது நாள் தருகிறோம், யோசித்துச் சொல்லுங்கள் என்றது அரசு. வேலை இழந்து, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஊர் நோக்கி நடந்தவர்கள் வழியில் எங்காவது ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து உட்பிரிவுகளைப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. அது அவர்களுடைய பொறுப்பின்மை.

படித்திருந்தாலும் ஆங்கிலமோ இந்தியோ தெரிந்திருக்க வேண்டும். வரைவு அந்த இரண்டில்தான் இருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று சொன்னது. பத்து நாள் அவகாசமும் கொடுத்தது. கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. ஒரு சாதாரண அரசாங்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர்களைக் கூப்பிட்டிருக்கும். இது சாதாரண அரசாங்கம் அல்ல. சொலிசிட்டர் ஜெனரலைக் கூப்பிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஆட்சிமொழிச் சட்டப்படி எங்களுக்கு இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பது வாதம். கர்நாடகத்திலோ நாகாலாந்திலோ இருக்கும் விவசாயிக்கு இந்தி புரியாதே, சட்டத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்கிற பொருளில் அன்றைய தலைமை நீதிபதி பாப்டேயே கேட்க வேண்டியிருந்தது. உன் கிணற்றை மூடப்போகிறோம், ஆனால் எந்த மொழியில் மூடப்போகிறோம் என்பது எங்கள் உரிமை என்று ஓர் அரசு நாட்டின் மிகப்பெரிய நீதிமன்றத்தில் நின்று வாதாடிய காட்சி அது. தாய்மொழியின் பெருமை பற்றி மேடைக்கு மேடை பேசும் அரசு அதே அரசுதான். திருக்குறளை மேற்கோள் காட்ட மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். தூத்துக்குடிக்காரருக்கு ஒரு விதியைச் சொல்லக் கிடைப்பதில்லை.

இத்தனை பூட்டையும் தாண்டி, பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் முடிவெடுப்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது; எழுதியவர்கள் யாரும் அதில் உறுப்பினர் இல்லையே.

உறுப்பினர்கள் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சுரங்கம் வரவேண்டும் என்றால் முதலில் அதன் பாதிப்பை மதிப்பிட வேண்டும். மதிப்பிடும் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவது யார்? சுரங்கம் தோண்டப்போகிறவர். சம்பளம் கொடுப்பவர்? அவரே. அறிக்கை பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரும் அவரே. இப்படித் தயாரான அறிக்கைகளின் தரம் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரிக்குப் போகலாம். அல்போன்சோ மாம்பழத்துக்குப் பெயர்போன அந்தக் கொங்கணக் கரையில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காக எழுதப்பட்ட மதிப்பீட்டு அறிக்கையில், அங்கே பறவைகள் ஸ்ப்ரூஸ் காடுகளில் வசிப்பதாக இருந்தது. ஸ்ப்ரூஸ் பனி விழும் நாட்டு மரம். ரஷ்யாவில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டிருந்தார்கள். மாந்தோப்பு வைத்திருந்த ரத்தினகிரி விவசாயி இந்த விஷயத்தில் உறுப்பினர் அல்லாதவர். ரஷ்யப் பறவை உறுப்பினர்.

அறிக்கையை அலசிப் பார்த்து அனுமதிக்குப் பரிந்துரை செய்ய நிபுணர் குழு இருக்கிறது. கோவாவில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கம் தொடர்பான வழக்கில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் குழுவைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனித்தது. சுரங்கங்களுக்கான நிபுணர் குழுவின் தலைவர் சுரங்க நிறுவனங்களின் இயக்குநராகவும் இருந்தார். ஒரு நிறுவனத்தில் அல்ல, நான்கில். நிபுணர் என்றால் அனுபவம் வேண்டும் அல்லவா? நான்கு மடங்கு அனுபவம்.

இப்போது உறுப்பினர் அல்லாதவருக்கு ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு வருவோம். அதற்குப் பெயர் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிப்பார். முப்பது நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வரும். விளம்பரம் எந்த மூலையில், எந்த எழுத்தளவில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காணாமல்போனவர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில் உங்கள் ஊரைத் தேடிக்கொள்ளுங்கள். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். முழு அறிக்கை, நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். கலெக்டர் அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம்; பொறுப்பு அதிகாரி சாப்பிடப் போயிருக்காவிட்டால்.

கூட்டம் நடப்பதை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்குப் பழைய காலத்துப் பெண் பார்க்கும் படலம் நினைவுக்கு வரும். பெரியவர்கள் பேசி முடித்து, தட்டு மாற்றி, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. கடைசியில் அடுக்களையைப் பார்த்து ஒரு குரல்: "என்னம்மா, உனக்குச் சம்மதம்தானே?" பதில் என்னவாக இருந்தாலும் பஜ்ஜி ஆறிவிடாது. கருத்துக் கேட்பிலும் அப்படித்தான். மேடையில் ஆட்சியர், வாரியப் பொறியாளர், நிறுவனத்தின் மேலாளர். முன்வரிசையில் வேனில் வந்து இறங்கியவர்கள், வேலைவாய்ப்பு பற்றி மனப்பாடமாகப் பேசுவார்கள். பின்னால் வேலியோரம் போலீஸ். மீனவப் பெண்மணி மைக்கைப் பிடித்து மூன்றாவது வாக்கியம் பேசும்போது, அம்மா, சுருக்கமாகச் சொல்லுங்கள், எல்லோரும் பேச வேண்டும் அல்லவா என்று ஒரு குரல் கனிவோடு வரும். திட்டத்தைப் புகழ்பவரின் சுருக்கம் பற்றி யாருக்கும் கவலை இருப்பதில்லை. எதிர்த்துப் பேசுபவர் பக்கத்து வட்டத்துக்காரர் என்றால் தீர்ந்தது. வெளியூர்க்காரர், தூண்டிவிட வந்தவர். ஆலை முதலாளி எந்த ஊர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மதிப்பீடு செய்தவர் எந்த ஊர், கடன் கொடுத்த வங்கி எந்த ஊர், கரி எந்த நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது என்றும் கேட்பதில்லை. அந்த மேடையில் வெளியூர்க்காரர் அல்லாத ஒரே ஆள் அந்த மீனவப் பெண்மணி.

கடைசியில் எண்ணிக்கை எடுப்பதும் கிடையாது. ஆயிரம் பேர் வந்து ஆயிரம் பேரும் வேண்டாம் என்றாலும் அது வாக்கு அல்ல, கருத்து. கூட்டத்தைத் தொடங்குவதற்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பும் விதியில் கிடையாது. இன்னொரு விதி இருக்கிறது, அதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், அவ்வளவு அழகு. உள்ளூர் நிலவரம் காரணமாக மக்கள் தங்கள் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்ல முடியாது என்று தெரிந்தால், கூட்டமே நடத்தத் தேவையில்லை என்று முடிவெடுக்கலாம். பேச முடியாத அளவுக்கு ஊர் மிரண்டு கிடக்கிறதா? அப்படியானால் கேட்க வேண்டாம். இதை எழுதிய அதிகாரி ஓய்வுபெற்றுவிட்டாரா என்று தெரியவில்லை. பத்மஸ்ரீ ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

இது போதாது என்றுதான் 2020 வரைவு வந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு இருபது நாளாகும் என்றது. பாதுகாப்புத் திட்டங்கள் மட்டுமல்ல, அரசு எதைக் கேந்திர முக்கியத்துவம் உள்ளது என்று கருதுகிறதோ அந்தத் திட்டம் பற்றிய தகவலே பொதுவெளிக்கு வராது என்றது. உச்சம் இது: அனுமதியின்றி அல்லது அனுமதியை மீறி ஓர் ஆலை நடந்தால், அந்த மீறலை யார் சொன்னால் அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளும்? மீறியவரே வந்து விண்ணப்பித்துச் சொன்னால். இல்லாவிட்டால் ஓர் அரசு அதிகாரி சொன்னால், அல்லது கோப்பைப் பார்க்கும்போது குழுவோ அமைச்சகமோ கண்டுபிடித்தால். இரவு மூன்று மணிக்குக் கழிவுநீர் தன் வயலில் பாய்வதைக் கண்ணால் பார்த்தவர் சொன்னால்? அந்தப் பட்டியலில் அவர் இல்லை. திருடன் வந்து ஒப்புக்கொள்ளலாம். வீட்டுக்காரர் கூச்சல் போடக் கூடாது. ஒரு நாட்டின் அமைச்சகம் உட்கார்ந்து, டீ குடித்து, சட்ட வல்லுநர்களிடம் காட்டி, அரசிதழில் அச்சடித்த வாசகத்தின் சாரம் இது.

மக்கள் கருத்து ஒருமுறைகூட வென்றதில்லையா என்று கேட்பவர்களுக்கு: வென்றிருக்கிறது, அதுதான் பிரச்சினையே. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. மாநில அரசு தேர்ந்தெடுத்தது பன்னிரண்டு கிராமங்களை. நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்கும் மலையில் பன்னிரண்டே பன்னிரண்டு. எப்படியும் பாதியாவது நம் பக்கம் வந்துவிடும் என்று யாராவது கணக்குப் போட்டிருக்கலாம். டோங்கிரியா கோந்த் மக்கள் ஒவ்வொரு கிராமமாகக் கூடினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஆங்கிலம் தெரியாது, இந்தி தெரியாது, மின்னஞ்சல் இல்லை. கேள்வி அவர்கள் மொழியில் கேட்கப்பட்டது, பதிலுக்கு அதிகாரம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பிறகு எந்த அரசும் அந்தத் தவற்றை விரும்பிச் செய்யவில்லை.

2015இலும் ஒருமுறை தவறு நடந்தது. இணையத்தில் எல்லாத் தளங்களும் சமமா, காசு கொடுத்தவனுக்குத் தனிப் பாதையா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்களைக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் குவிந்தது. ஆணையம் அவற்றை வெளிப்படைத்தன்மையின் பெயரால் ஏப்ரல் 27 அன்று தன் தளத்தில் வெளியிட்டது, எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு. லாட்டரி மோசடிக்காரர்களுக்கு அன்று தீபாவளி. வகை பிரித்த அழகையும் சொல்ல வேண்டும்: சேவை நிறுவனங்கள் ஒரு வகை, அவற்றின் சங்கங்கள் ஒரு வகை, மூன்றாவது மற்றவர்கள். பத்து லட்சம் பேர் மற்றவர்கள். இருந்தும் 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் அந்த மற்றவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை போட்டது. ஃபேஸ்புக் தன் பயனாளர்களை ஒரு பொத்தானை அழுத்தவைத்துக் கொண்டுவந்து கொட்டிய லட்சக்கணக்கான அச்சு வார்ப்புக் கடிதங்கள், கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை என்று ஒதுங்கிப்போயின. நியாயம்தான். குப்பையை வடிகட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே கடிதத்தை லட்சம் முறை நகலெடுத்து அனுப்பினால் அதை ஒரு கடிதமாக எண்ணுவதற்கு ஓர் அதிகாரிக்கு உரிமை உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்ப்பது வடிகட்டல். சொல்பவர் யார், எந்தச் சங்கம், எந்த ஊர், எந்த மொழி, கம்பெனிக்காரரா என்று பார்ப்பது வேறு வேலை.

அந்த அனுபவத்திலிருந்து டெல்லி பாடம் படித்திருக்கிறது என்பது என் ஊகம். மக்களுடைய தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வந்தது. கருத்து அனுப்பலாம், ஆனால் வந்த கருத்துகள் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளப்படும், யாருக்கும் எந்தக் கட்டத்திலும் காட்டப்படாது. ஒருமுறை எழுதியவரின் முகவரியை உலகத்துக்கே காட்டினார்கள். இப்போது அவர் என்ன எழுதினார் என்பதையே யாருக்கும் காட்டமாட்டார்கள். எத்தனை பேர் எதிர்த்தார்கள், எந்த நிறுவனம் எந்தப் பிரிவைத் தளர்த்தச் சொன்னது, யார் சொன்னது விதியில் ஏறியது என்று தெரியாது. வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகங்கள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்று 2014இல் ஒன்றிய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை ரத்தாகவில்லை. இன்னும் இருக்கிறது, சுவரில் மாலை போட்டு.

இந்த இடத்தில் கைதட்டிக்கொண்டிருக்கும் என் சொந்த மாநிலத்துக்காரர்கள் கொஞ்சம் கையை இறக்கலாம். டெல்லியைத் திட்டினால் இங்கே விசில் அடிப்பது நம் பழக்கம். 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. ஏரி, ஓடை, வாய்க்கால் உள்ள நிலங்களைப் பெரிய திட்டங்களுக்கு வளைத்துக் கொடுப்பதற்கான சட்டம் அது. உறுப்பினர் அல்லாதவர்கள் இருக்கட்டும், உறுப்பினர்களே பேசவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை எத்தனை தீர்மானம் போட்டும் கோட்டையின் காதில் ஏறவில்லை. கடைசியில் அந்த ஊர் 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கக் கருத்துக் கேட்பு 2021 ஜனவரியில் ஒருமுறை, 2023 செப்டம்பரில் ஒருமுறை தேதி குறித்து ஒத்திவைக்கப்பட்டது. மீனவர்கள் தயாராகி வந்து நிற்கும்போதெல்லாம் நிர்வாகக் காரணம் வந்துவிடுகிறது. மெரினா கடலுக்குள் பேனா நினைவுச்சின்னம் நிறுத்துவதற்கு 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் கருத்துக் கேட்டபோது, எதிர்த்துப் பேசியவர்களின் குரல் கூச்சலில் அமுங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். எழுத்தாளருக்காக நிறுத்தப்படும் பேனா, எதிர்க்கருத்தைக் கேட்கக்கூடப் பொறுமை இல்லாத ஓர் அரங்கில் அறிமுகமானது. இதற்கு மேல் நான் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

இருந்தாலும் கடைசித் தாழ்ப்பாளைப் போட்ட பெருமை டெல்லிக்குத்தான். 2020 வரைவு சட்டமாகவில்லை. பதினேழு லட்சம் கடிதங்களுக்குப் பிறகு அதைச் சட்டமாக்கும் தைரியம் வரவில்லை போலும். அதற்குப் பதில் அலுவலகக் குறிப்பாணைகள். குறிப்பாணைக்குக் கருத்துக் கேட்பு கிடையாது, மொழிபெயர்ப்பு வழக்கு கிடையாது. ஒரு காலை வேளையில் தளத்தில் ஏறிவிடும். அனுமதியில்லாமல் ஆலையைக் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கும் வசதியை இப்படித்தான் கொடுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நவம்பரில் அதே நீதிமன்றம், மூன்றில் இரண்டு நீதிபதிகளின் கருத்தாக, அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. நடுவில் மகிழ்ந்தவர்களுக்கு ஆறு மாதம் கிடைத்தது.

2025 செப்டம்பர் 8 அன்று வந்த குறிப்பாணைதான் நமக்கு முக்கியம். அணுக் கனிமங்கள், முக்கியமான மற்றும் கேந்திரக் கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றை வெட்டும் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. பரப்பளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முடிவு டெல்லியில். காரணம் தேசப் பாதுகாப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. மிடாலத்திலும் இனயத்திலும் வசிப்பவர்கள் அடுத்த தேதிக்குக் காத்திருந்தார்கள். தேதி வரவில்லை. கேட்கவே வேண்டாம் என்ற உத்தரவு வந்தது. எதிர்ப்பு வருமென்று தெரிந்ததும் கேள்வியை ரத்து செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாஸாக முடியாத பையன்கள் எல்லோரும் இந்த வழியைக் கண்டுபிடிக்காமல் போனார்களே.

தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், அந்த உத்தரவைத் திரும்பப் பெறச் சொல்லி. ஒரு முதலமைச்சரே கடிதம் எழுதிக் காத்திருக்கும் உறுப்பினர் அல்லாதோர் வரிசை இது. அவருக்கு முன்னிருந்தவரும் 2020 ஜனவரியில் இதே வரிசையில் நின்றார். ஹைட்ரோகார்பன் கிணறு தோண்டிப் பார்க்கக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று அன்று டெல்லி சொல்லியிருந்தது. வரிசை நீளம்தான், துணைக்கு ஆள் இருக்கிறது.

இந்த நாடு ஒரு சங்கம், நாமெல்லாம் வெளியாட்கள், உறுப்பினர் கார்டு இருப்பவர்கள் உள்ளே கூடி நம் வயலின் விலையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நம் கடிதங்கள் வாசலில் ஒரு கூடையில் கிடக்கின்றன என்று எழுதினால் மிகை என்பார்கள். கூடை இருந்தால் பரவாயில்லை என்று நினைக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

சரி, என்ன செய்வது? நான் மேலே சொன்ன 2009 கோவா வழக்கில் நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. கருத்துக் கேட்பில் மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு ஒவ்வொன்றாகப் பரிசீலிக்க வேண்டும், ஏன் ஏற்கவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது கோப்பில் ஏறும். ஆகவே உங்கள் ஊரின் பெயர் நாளிதழின் மூலையில் வந்தால், கூட்டத்துக்குப் போங்கள், பேசுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். உங்கள் கிணறு எத்தனை அடி, எந்த மாதம் வற்றும், கடலில் எந்த இடத்தில் எத்தனை மீன் கிடைக்கும், ஆலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். நகலெடுத்த கடிதம் வேண்டாம். அதை ஒதுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், விரைவுத் தபாலிலேயே அனுப்புங்கள். ரசீதையும் கடிதத்தின் ஒரு பிரதியையும் பத்திரமாக வையுங்கள். வழக்கு என்று வந்தால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.